மார்க் ஒஃப் த நிஞ்சா: நாய் நிக்கிற இடமும் மற்ற இடங்களும்

பாலையூற்று:
மார்க் ஒஃப் த நிஞ்சா, இருட்டில ஒளிஞ்சு காவலாட்களைத் தாண்டிப் போற நிஞ்சா வீடியோ விளையாட்டு. அதில நாய் நிக்கிற இடம்தான் இன்னும் உறுத்துது. விளையாடினவைக்கு எதெண்டு விளங்கும். மற்ற இடமெல்லாம் ஒரு பெரிய சாடிக்குப் பின்னால ஒதுங்கினால் போதும், காவலாள் ரோச் லைற்றை அடிச்சுக்கொண்டு முன்னால கடந்து போயிடுவான். நாய் கண்ணை நம்பிறேல்ல, மூக்கைத்தான் நம்புது. சாடிக்கு முன்னால வந்து நிண்டு குலைக்கத் தொடங்கினால் ஒளிஞ்ச இடமே கூண்டு. அதுவரைக்கும் பழகின பாடம் அந்த இடத்தில தலைகீழாய்ப் போகுது. வடிவாய் யோசிச்சு வைச்ச நாய்! ஆனால் அதைத் தாண்டுற வழிதான் எல்லாரும் ஒவ்வொரு விதமாய்ச் சொல்லுறீங்கள். உங்கட இடங்களையும் எழுதுங்கோ.

டொக்யார்ட்வீதி:
நாயை விடுங்கோ. பின்னால போய் வெட்டுற நேரம் வருமே ஒரு அம்புக்குறி, அதுதான் பெரிய குறை.

அதுவரைக்கும் எல்லாம் பொறுமை. லைற்றை மூங்கில் அம்பால உடைக்கோணும். உடைக்கிற சத்தமும் திரையில ஒரு வளையமாய் விரியும், அந்த வளையத்துக்குள்ள காவலாள் நிண்டால் பார்க்க வருவான். அவன் வந்து உடைஞ்ச லைற்றுக்குக் கீழ நிண்டு, திரும்பி முதுகைக் காட்டுற வரைக்கும் மேல தொங்கிக்கொண்டு காத்திருக்கோணும். சரி, காத்திருந்தாச்சு, இறங்கியாச்சு. கடைசி அரைச் செக்கனில அம்புக்குறி ஒரு திசையைக் காட்டும். அந்தத் திசையும் பட்டனும் ஒண்டாய்ப் பொருந்தாட்டி அவன் கத்திக் கொண்டுதான் சாவான். கத்தினால் அதுவும் வளையம். அடுத்த அறையில நிக்கிறவன் வந்திடுவான்.

பிழை எங்க வருதெண்டால், பதற்றத்தில பட்டன் முதல் விழுந்திடும், திசை பிந்திடும். திசையை முதல் பிடிச்சு வைச்சுக்கொண்டு பேந்து பட்டனை அமத்தினால் தவறாது. இருந்தாலும் கேக்கிறன், வெளிச்சம், சத்தம், பார்வை எல்லாத்தையும் இவ்வளவு நேர்மையாய்க் காட்டுற விளையாட்டுக்கு, கடைசியில கைவேகச் சோதனை ஒண்டு எதுக்கு?

கன்னியா:
தம்பிமார், நேர்மை எண்டு நீங்கள் சொல்லுறதைத்தான் நான் குறை எண்டு சொல்லுவன்.

டென்ச்சு எண்ட பழைய நிஞ்சா விளையாட்டை எடுங்கோ. 1998, முதலாவது பிளேஸ்டேஷன், ரிக்கிமாரு, அயாமே எண்டு இரண்டு நிஞ்சாக்கள். கீழ ஒரு சின்ன அளவி மட்டும் இருக்கும். கிட்ட ஆள் இருந்தால் கேள்விக்குறியும் ஒரு எண்ணும். எண் கூடக் கூட ஆள் கிட்ட வாறான். எந்தப் பக்கம் எண்டு அது சொல்லாது! சுவரோட முதுகை ஒட்டி, மூலையில கமராவைத் திருப்பித்தான் பார்க்கோணும். ஒவ்வொரு பணிக்கும் காவலாட்கள் நிக்கிற முறை 3 வைச்சிருந்தவை, அதால மனப்பாடம் செய்து தப்பவும் ஏலாது. நஞ்சு கலந்த சோற்றுருண்டையைப் போட்டு, கூரையில குந்தியிருந்து, காவலாள் குனிஞ்சு எடுத்துத் தின்னுற வரைக்கும் பார்த்துக்கொண்டிருக்கிற இடம் ஒண்டு போதும்.

குறை இல்லை எண்டு சொல்ல வரேல்ல. ஒரு முற்றத்துக்கு அங்கால எல்லாம் கறுப்பு. அந்தக் காலத்துப் பெட்டிக்கு அதுக்கு மேல கீற ஏலாது, இரவு எண்டு வைச்சுச் சமாளிச்சவை. சண்டை வந்தால் கமரா சுவருக்குள்ள போய் நிக்கும். கூரை விளிம்பில கொக்கியைக் குறிபார்க்கிறது கஷ்டம். ஆனால் பயம் இருந்தது. மார்க்கில பயம் எங்க? எல்லாருடைய காலடியும் வளையமாய்த் தெரியுது, நேரத்தை நிப்பாட்டி வைச்சுக் குறிபார்க்கலாம், கண்டிட்டால் கடைசியாய் எங்க கண்டவை எண்டதையும் நிழலுருவாய்க் காட்டுது. அது கணக்குப் பாடம்.

மூதூர்க்கரை:
கன்னியா அண்ணை, ஒருக்கா முடிச்சிட்டு விட்டிட்டீங்கள் போல. முடிச்ச பிறகு திறக்கிற இரண்டாம் சுற்றைத் தொடுங்கோ. சத்த வளையம் இல்லை. நிஞ்சா எந்தப் பக்கம் பார்க்கிறானோ அந்தப் பக்கம் மட்டும்தான் தெரியும், முதுகுக்குப் பின்னால என்ன நடக்குதெண்டு தெரியாது. நீங்கள் கேட்ட பயம் அதுக்குள்ள இருக்கு. இதைச் செய்த கிளெய் நிறுவனம் 2012இல் விட்டதிலயே அது இருந்தது, 2018 மறுபதிப்புக்கு எண்டு சேர்த்ததில்லை.

முதற்சுற்றில வளையம் இருக்கிறதுக்கும் காரணம் இருக்கு. பக்கவாட்டுப் படத்தில, சுவருக்கு அங்கால ஒரு சத்தம் எவ்வளவு தூரம் போகும் எண்டதைக் காது மட்டும் சொல்லாது. திருகோணமலைக் கோட்டை வாசல் மான் கூட்டத்தைக் கவனிச்சவைக்குத் தெரியும். ஒரு மான் காதை நிமிர்த்தினால், கிட்ட நிக்கிற இரண்டு மூண்டு நிமிரும், தூர நிக்கிறது மேஞ்சுகொண்டே இருக்கும். அந்த எல்லையைத்தான் வளையம் கீறிக் காட்டுது. மாட்டினால் பிழை விளையாடுறவரில எண்டு உடனே விளங்கும். டென்ச்சுவில மாட்டினால் பாதிப் பிழை கமராவில.

சல்லி:
சண்டைக்கு நடுவில ஒண்டு சொல்லுறன், ஒருத்தரும் கேக்கேல்லத்தான். கடற்கரைப் பக்க வீடுகளில பின்னேரம் இந்த விளையாட்டை விளையாடாதேங்கோ. அனேகமான "கண்டிட்டான்" முறைப்பாடு அதிலதான் வருது. இருட்டில நிக்கேக்க நிஞ்சா முழுக் கறுப்பு, பச்சை குத்தின கோடு மட்டும் சிவப்பு. வெளிச்சத்துக்குள்ள காலை வைச்ச உடன உடுப்பின்ட நிறம் வரும். அந்த மாற்றம் ஒண்டுதான் அடையாளம். ஜன்னல் வெளிச்சம் திரையில அடிச்சால் இரண்டும் ஒரே கறுப்பு.

செய்ய வேண்டியது: ஜன்னல் பக்கவாட்டில வாற மாதிரி மேசையைத் திருப்புங்கோ, திரைக்கு நேர எதிரில ஜன்னல் இருக்கக் கூடாது. மடிக்கணினி எண்டால் மின்சாரம் சேமிக்கிறதுக்காகத் தானாய் வெளிச்சம் குறைக்கிற வசதியை நிப்பாட்டுங்கோ, இல்லாட்டி இருட்டுக் காட்சி வாற நேரம் பார்த்து அது இன்னும் குறைச்சிடும். பழைய தொலைக்காட்சியில மாட்டினால் படத்தின்ட ஓரம் வெட்டுப்படுதோ எண்டு பாருங்கோ, வெட்டுப்பட்டால் மேல மூலையில நிக்கிறவன் தெரியமாட்டான். கச்சான் காத்து அடிக்கிற மாசங்களில ஜன்னலைச் சாத்தி வைக்கவும் ஏலாது, மின்விசிறி முழு வேகத்தில ஓடும். முதற்சுற்றுக்கு அது பிரச்சினை இல்லை, வளையத்தைப் பார்த்தாலே காணும். மூதூர்க்கரை சொன்ன இரண்டாம் சுற்றுக்கு மட்டும் காதை மூடுற ஹெட்செட் கட்டாயம். ஒரு காதில போடுற சின்னது சரிவராது, இடமா வலமா எண்டு பிரிக்காது.

டொக்யார்ட்வீதி:
சல்லி சொன்னது சரி. கன்னியா அண்ணைக்கு ஒரு பதில்: கணக்குப் பாடம் எண்டது இரண்டாம் சுற்றில மாறினாலும் புள்ளிக் கணக்கு மாறேல்ல. ஆளைக் கொன்றாலும் புள்ளி, கொல்லாமல் கடந்தாலும் புள்ளி, உடலை ஒளிச்சாலும் புள்ளி. கதை ஒரு பக்கம் இழுக்குது, புள்ளி எல்லாப் பக்கமும் இழுக்குது. பச்சை குத்தின மை உடம்பில ஏறினால் புத்தி பேதலிக்கும் எண்டு சொல்லுற கதையில, எப்படிக் கடந்தீர் எண்டதுக்குக் கனம் இருக்க வேணும்.

பாலையூற்று:
அப்ப நாய்க்கு வருவம். இவ்வளவையும் வாசிச்ச பிறகு திரும்பப் பார்த்ததில சரிவந்தது இதுதான். வாளை விட்டிட்டு, விளையாட்டில வாற 'மௌனப் பாதை' எண்ட உடுப்பைப் போடுங்கோ. ஓடினாலும் வளையம் வராது, கவனம் திருப்புற சாமான் இரண்டு வகை கொண்டு போகலாம். சாடியைத் தொடவே கூடாது. கொக்கியால மேல உள்ள கம்பத்துக்கு ஏறி, நாய்க்கு அங்கால, கதவுக்கு எதிர்ப்பக்கச் சுவரில சத்தக் குண்டை எறியுங்கோ. காவலாள் அந்தப் பக்கம் திரும்பி நடக்கத் தொடங்கினதும் உடன இறங்காதேங்கோ. அவன் சத்தம் வந்த இடத்துக்குப் போய் நிண்டு பார்க்கிற வரைக்கும் பொறுத்து, கம்பத்துக்குக் கம்பம் போய், கதவுக்கு நேர மேல வந்த பிறகுதான் விழ வேணும். நிலத்தில கால் படுறது அந்த ஒரு தரம்தான்.