மறு: சேற்றில் புதைந்த வண்டியை இழுக்கும் கயிறு – "மீட்புக் கயிறு" வேண்டாமே

குழு நண்பர்களுக்கு வணக்கம்.

இரண்டு நாளாகக் கரண்ட் இல்லை. தாண்டிக்குடிப் பக்கம் ஐப்பசி மழை என்றால் அப்படித்தான். நம் கையேட்டில் இந்தக் கயிற்றுக்கும் அதனோடு வரும் சாமான்களுக்கும் தமிழில் என்ன பெயர் வைப்பது என்று வந்த எல்லா மடலையும் இன்றுதான் ஒரே மூச்சில் படித்தேன்.

> "இயக்க ஆற்றல் மீட்புக் கயிறு" என்பதே துல்லியமான சொல்.

துல்லியம்தான், மறுக்கவில்லை. முழங்கால் சேற்றில் நின்றுகொண்டு அதை யார் கத்திக் கேட்பது? தவிர, மீட்பு என்றாலே எனக்குத் தீயணைப்பு வண்டியும் அடகுக் கடையும்தான் நினைவுக்கு வருகின்றன. மலையில் நாங்கள் வண்டியை மீட்பதில்லை, இழுத்து விடுகிறோம்.

> நெகிழ்வடம்?

நெகிழியை நினைவூட்டுகிறது. நீலகிரி சோதனைச்சாவடியில் பிடுங்கிக்கொள்வார்கள்.

சொல்லுக்கு இவ்வளவு மல்லுக்கட்டக் காரணம் இருக்கிறது. போன மழையில் எங்கள் ஜீப் எஸ்டேட் பாதையில் சரிந்து, அச்சு வரை இறங்கிவிட்டது. பக்கத்துத் தோட்டத்து நண்பர் புது வண்டியோடு உதவிக்கு வந்தார். கையில் பளபளவென்று ஆரஞ்சு நிறப் பட்டை, இரண்டு முனையிலும் இரும்புக் கொக்கி. கடையில் 'டோ பெல்ட்' என்று கேட்டு வாங்கியதாம். வீடியோவில் பார்த்தபடி, பட்டையைத் தளர விட்டு, ஓடிவந்து வெடுக்கென்று இழுத்தார். அது பாலியஸ்டர், கொஞ்சமும் நீளவில்லை. அவர் பக்கத்துக் கொக்கி நிமிர்ந்து கழன்று, என் முன்கண்ணாடியைத் துளைத்துக்கொண்டு வந்து, பக்கத்து இருக்கையில் இருந்த வேப்பம்பிண்ணாக்கு மூட்டைக்குள் புதைந்தது. அதைப் பிடுங்கி எடுத்தபோது இன்னும் சூடாக இருந்ததாக என் கைக்கு ஒரு நினைப்பு.

அவர் செய்த முறை தவறில்லை. கயிறுதான் வேறு. ஓடும் சாலையில் பழுதான வண்டியை மெதுவாகக் கட்டி இழுக்க, நீளாத பட்டை போதும். ஓட்டம் கொடுத்து இழுக்க வேண்டுமானால் நைலான் வேண்டும். அந்தப் பட்டை ஏறக்குறைய 20 விழுக்காடு நீளும். உருண்டையாகப் பின்னிய கயிறு 30 வரைகூடப் போகும். 9 மீட்டர் பட்டை கிட்டத்தட்ட 11 மீட்டராக நீண்டு, இழுக்கும் வண்டியின் வேகத்தைத் தனக்குள் வாங்கிக்கொண்டு, அப்புறம் சுருங்கும்போது புதைந்த வண்டியைத் தூக்கிக்கொண்டு வரும். இரண்டையும் 'இழுகயிறு' என்றே நம் கையேட்டில் எழுதினால், படிக்கிற பையன் என் நண்பர் செய்ததைத்தான் செய்வான்.

ஆகவே என் பரிந்துரை: நீளாதது இழுபட்டை. நீள்வது சுண்டுபட்டை, அதுவே உருண்டையான கயிறாக இருந்தால் சுண்டுவடம்.

> சுண்டினால் குழம்பு வற்றும். நீள்கிற கயிறுக்கு இது எப்படிப் பொருந்தும்?

நல்ல கேள்வி. எனக்கு அதுதான் பிடித்திருக்கிறது. 'சுண்டி இழுத்தான்' என்பதில் வெடுக்கென்ற இழுப்பு இருக்கிறது. நாணைச் சுண்டுவது, கேரம் காயைச் சுண்டுவது எல்லாம் அந்த வகை. குழம்பு சுண்டுவதில் சுருக்கம் இருக்கிறது. நீண்ட கயிறு சுண்டும்போதுதானே வண்டி வெளியே வருகிறது? தேர் இழுக்கிற ஊரில் 'வடம்' என்ற சொல்லுக்கு விளக்கமும் தேவையில்லை. 'மீள்வடம்' என்று கோத்தகிரி நண்பர் சொன்னதும் அழகுதான். ஆனால் கயிறு என்ன செய்யும் என்பதை மட்டும் சொல்கிறது, நாம் என்ன செய்யவேண்டும் என்பதைச் சொல்லவில்லை.

மற்றவை பற்றிச் சுருக்கமாக. பட்டையை வண்டியோடு பூட்டும் வளையமான ஷேக்கிளை டிரைவர்கள் 'சாக்கிள்' என்கிறார்கள், அப்படியே விட்டுவிடலாம்; செயற்கை நார்க்கயிற்றில் பின்னியது கயிற்றுச் சாக்கிள். சேசிஸோடு போல்ட் போட்ட மாட்டுமிடத்துக்கு 'இழுகண்' எனக்குச் சம்மதம். பம்பரிலோ, டிரெய்லரை மாட்டும் இரும்புக் குண்டிலோ மாட்டக் கூடாது என்பதை அதன் விளக்கத்திலேயே எழுதிவிடுங்கள். குண்டு பிய்ந்தால் பீரங்கிக் குண்டுதான். சக்கரத்தடியில் வைக்கும் பலகைக்கு 'இழுவைப் பலகை' தப்பு, அது எதையும் இழுப்பதில்லை. டயருக்குப் 'பிடிமானம்' இல்லை என்றுதானே சொல்கிறோம்? பிடிபலகை. அது கைவசம் இல்லாதபோது சாக்கும் சீகை (வாட்டில்) மரக் கிளையும் அதே வேலையைச் செய்யும். டயரில் காற்றைக் குறைத்தாலே பாதி நேரம் கயிறு தேவைப்படாது. திரும்பக் காற்றடிக்க ஒரு சின்ன கம்ப்ரசர் மட்டும் வேண்டும்.

> விஞ்ச்சை (வண்டியில் உள்ள, கயிற்றைச் சுற்றி இழுக்கும் எந்திரம்) மரத்தில் கட்டும் பட்டை: மரப்பட்டை.

ஐயா, அது சில்வர் ஓக்கின் தோல்! சங்கிலியோ இரும்புக் கயிறோ சுற்றினால் அந்தத் தோலும் அதில் ஏறிய மிளகுக் கொடியும் சேர்ந்து உரியும். அதைக் காக்கத்தான் அகலப் பட்டை. 'மரக்காப்புப் பட்டை' என்று போடுங்கள்.

கையேட்டில் ஒரு வரி சேர்க்கவும்: சுண்டுபட்டையின் அறுபடும் அளவு, சுமையோடு சேர்ந்த வண்டி எடையைப் போல இரண்டிலிருந்து மூன்று மடங்கு இருக்கவேண்டும். எந்த வண்டியின் எடை என்று அடுத்த கேள்வி வரும்: இரண்டில் எடை குறைந்த வண்டி.

மெய்ப்புப் பார்க்கிறவருக்கு: 'சுண்டுப்பட்டை' என்று ஒற்றுப் போட்டுவிடாதீர்கள். ஊறுகாய் மாதிரி இதுவும் வினைத்தொகை, வலி மிகாது.