பனியில்லாத பினாங்கில் லாவெண்டர் விதையை முளைக்கவைப்பது எப்படி?

மாடித்தோட்டக்காரி (ஆயர் ஈத்தாம்):
வணக்கம். கனடாவில் இருக்கும் என் அக்கா, பிளாஸ்டிக் பால் கலன்களைக் குறுக்கே வெட்டி, அடியில் துளையிட்டு, ஈர மண் நிரப்பி, லாவெண்டர், எக்கினேசியா (ஒரு பூச்செடி) விதைகளைக் கடுங்குளிர் காலத்திலேயே தூவி வெளியே பனியில் வைத்துவிடுகிறார். வசந்தத்தில் அவை தாமாகவே முளைக்கின்றன. இங்கு வாங்கிய அதே வகை விதைகளுடன் கொத்தமல்லியும் துளசியும் என்னிடம் உள்ளன. இரவிலும் 24 பாகை அளவில் நிற்கும் நம் ஊரில் இம்முறை பயன்படுமா?

விதைப்பெட்டி (பட்டர்வொர்த்):
வணக்கம் சகோதரி. அந்தக் கலன்களை இங்கே வெயிலில் வைத்தால் விதைகள் வெந்துவிடும். ஆகவே அதை விட்டுவிடுங்கள். பனி செய்யும் வேலை, முளைப்பைத் தடுக்கும் அப்சிசிக் அமிலத்தின் ஆதிக்கத்தை ஈரக் குளிரால் தளர்த்துவதுதான். அதைக் குளிர்பெட்டியே செய்யும். காகிதத் துவாலையை நனைத்து, நீர் சொட்டாதபடி பிழிந்து, விதைகளை அதில் பரப்பி மடித்து, மூடிய டப்பாவில் இட்டு, 4 பாகை அளவில் நான்கு வாரம் வையுங்கள். உறைபெட்டியில் வைக்கக் கூடாது. நீர் குடித்த விதைக்குள் பனிக்கட்டி உருவானால் உயிரணுக்கள் கிழியும். வாரம் ஒருமுறை பிரித்துப் பாருங்கள். வெண்முனை தெரிந்தவற்றை உடனே மண்ணுக்கு மாற்றிவிடலாம். லாவெண்டர் முளைக்க வெளிச்சம் உதவும் என்பதால் மேலே மண்ணை மிக மெல்லியதாகத் தூவினால் போதும்.

துளசிக்கும் கொத்தமல்லிக்கும் இந்தக் குளிர் வேண்டவே வேண்டாம். கொத்தமல்லியை இலேசாக அழுத்தி இரண்டாகப் பிளந்து ஊறவைத்து, மழை குறையும் சனவரி, பிப்ரவரியில் நிழலான இடத்தில் விதையுங்கள்.

பச்சைவிரல் (கோலாலம்பூர்):
முளைப்பதைவிட வளர்ப்பதுதான் கடினம் என்று நான் உறுதியாகச் சொல்வேன். கேமரன் மலையின் குளிரில் செழிக்கும் லாவெண்டர், சமவெளியின் வெப்ப இரவுகளிலும் ஈரக்காற்றிலும் வேரழுகிச் சாகிறது. மணல் கலந்த மண்ணும், மழை படாத கூரை ஓரமும், காற்றோட்டமும் இல்லாமல் தொடங்காதீர்கள். பல்விளிம்பு இலைகொண்ட பிரெஞ்சு வகை வெப்பத்தை ஓரளவு தாங்கும்.

மாடித்தோட்டக்காரி:
இருவருக்கும் மிக்க நன்றி. துவாலையில் பூஞ்சை படர்ந்தால் விதைகளை எறிந்துவிட வேண்டுமா?

விதைப்பெட்டி:
தேவையில்லை. விதையை அழுத்திப் பாருங்கள். கெட்டியாக இருந்தால் கழுவிப் புதிய துவாலைக்கு மாற்றுங்கள், நசுங்கினால் எறிந்துவிடுங்கள். பெரும்பாலும் ஈரம் மிகுந்ததே காரணமாக இருக்கும்.