மூவெட் தேர்வுக்கு 3,500 சொற்கள் மனப்பாடம்: தம்பி போகிற வழி சரிதானா?

கோல கெட்டில் அக்கா:
வணக்கம். தம்பி படிவம் 6, பல்கலைக்கழகத்துக்கு முந்தைய வகுப்பு. தமிழ்ப்பள்ளியில் படித்துவிட்டு மலாய் இடைநிலைப்பள்ளிக்குப் போனவன். படிவம் 5 முடிவில் எழுதிய எஸ்பிஎம் தேர்வில் ஆங்கிலத்துக்கு 'சி'. மூவெட்டுக்கு, அதுதான் பல்கலைக்கழகத்தில் சேரக் கேட்கிற மலேசிய ஆங்கிலத் தேர்வு, இன்னும் 14 வாரம் இருக்கிறது. அவன் கேட்கிற துறைக்கு அதில் பேண்ட் 4, அதாவது நான்காம் தரம், வேண்டும். யாரோ கொடுத்த, எஸ்ஏடி என்ற அமெரிக்கக் கல்லூரி நுழைவுத் தேர்வுக்கான 3,500 சொல் கொண்ட பழைய பட்டியல் புத்தகத்தை வைத்துக்கொண்டு 'ஏ' எழுத்திலிருந்து தினமும் 40 சொல் என்று உருப்போடுகிறான். இப்போது 'சி' எழுத்துக்கு வந்திருக்கிறான், 'ஏ'யில் கேட்டால் பாதி போய்விட்டது. இந்தப் பட்டியல் மூவெட்டுக்கு உதவுமா? ஒரு நாளைக்கு எத்தனை சொல் தாங்கும்? அர்த்தத்தைத் தமிழில் எழுதுவதா, மலாயிலா? தோட்டத்தில் இணைய லைன் சரியாகக் கிடைக்காது, கைப்பேசி ஆப்பை நம்பலாமா? பின்னால் எஸ்ஏடியும் எழுதலாம் என்று ஒரு பேச்சு வீட்டில் ஓடுகிறது.

படிவம் ஆறு டீச்சர்:
புத்தகத்தை மூடி வைக்கச் சொல்லுங்கள். அது எஸ்ஏடிக்கே பழசு. எதிர்ச்சொல் கேள்விகளை எஸ்ஏடி 1994இல் எடுத்துவிட்டது, சொல் ஒப்புமைக் கேள்விகளை 2005இல், வாக்கியம் நிரப்பும் பழைய வகையை 2016இல். அந்தக் கேள்விகளுக்காகத் தொகுத்த அபூர்வச் சொற்கள்தான் 3,500இல் பெரும்பகுதி.

மூவெட்டில் தனிச்சொல்லுக்கு அர்த்தம் எழுதச் சொல்லும் பகுதியே கிடையாது. நான்கு தாள், தாளுக்கு 90, மொத்தம் 360. பேண்ட் 4 தொடங்குவது 211இல். வாசிப்புத் தாளில் 75 நிமிடத்தில் 40 கேள்வி, பத்தியைப் படிக்கிற நேரமும் அதற்குள் அடக்கம். ஒரு கேள்விக்கு இரண்டு நிமிடம்கூடத் தேறாது. அங்கே வேண்டியது சொல்லைப் பார்த்த உடனே பொருள் தட்டுப்படுகிற வேகம். எழுத்துத் தாளில் 100 சொல்லுக்குக் குறையாமல் ஒரு மின்னஞ்சல், 250 சொல்லுக்குக் குறையாமல் ஒரு கட்டுரை. அங்கே வேண்டியது சொல்லை அதன் ஜோடியோடு, அதாவது வழக்கமாகக் கூடவே வரும் சொல்லோடு, சரியாக வைக்கிற பழக்கம். பட்டியல் மனப்பாடம் இந்த இரண்டையும் தராது.

'ஏ' ஏன் மறந்தது என்றால் இரண்டு காரணம். அகரவரிசையில் ஒரே முகச்சாயல் உள்ள சொற்கள் பக்கத்துப் பக்கத்தில் வரும். அபேட், அபெட் மாதிரி. ஒரே நாளில் படித்தால் ஒன்றின் பொருள் இன்னொன்றில் ஒட்டிக்கொள்ளும். அடுத்தது வெறும் கணக்கு. ஒரு சொல் நிற்க அதை ஐந்து முறையாவது, நாள் இடைவெளி விட்டு, திரும்பப் பார்க்க வேண்டும். தினம் 40 புதிது என்றால் இரண்டு வாரத்தில் தினம் 200 பழையது திரும்பப் பார்க்கக் காத்திருக்கும். அதை யாரும் செய்வதில்லை. புதிது மட்டும் ஓடும், பழையது உதிரும்.

பட்டியல் வேண்டுமென்றால் அவெரில் காக்ஸ்ஹெட் 2000இல் வெளியிட்ட 'அகாடமிக் வேர்ட் லிஸ்ட்' எடுங்கள். இணையத்தில் இலவசம். 570 சொற்குடும்பங்கள் (ஒரே வேரில் பிறந்த சொற்கள் ஒரு குடும்பம்), பத்து உட்பட்டியல். முதல் ஒன்பதில் 60 வீதம், பத்தாவதில் 30. அகரவரிசையில் இல்லாமல் அடிக்கடி வருவது முதலில் வரும்படி பிரித்திருப்பதால் பாதியில் நின்றாலும் நட்டமில்லை. கல்வி சார்ந்த ஆங்கிலப் பத்திகளில் ஏறக்குறைய பத்தில் ஒரு சொல் இந்த 570இலிருந்து வருகிறது.

முதல் வாரம் சல்லடை போட்டுச் சலிக்கிற வேலை. உட்பட்டியலைப் பார்த்து ஒவ்வொரு சொல்லையும் வைத்து வாய்விட்டு ஒரு வாக்கியம் சொல்லச் சொல்லுங்கள். தடுமாறாமல் வந்தால் அந்தச் சொல்லைப் பட்டியலில் அடித்துவிடலாம். 'தெரியும், ஆனால் வாக்கியம் வரவில்லை' என்றால் அது தெரியாத சொல். பையன்கள் ஏமாற்றிக்கொள்வது இங்கேதான்.

பிறகு ஒரு நாளைக்கு 8 சொல், வாரம் 6 நாள். வாரத்துக்கு 48, பன்னிரண்டு வாரத்தில் 576. ஒன்றுகூட அடிக்காவிட்டாலும் பட்டியல் முடிந்துவிடும், தெரிந்ததைச் சலித்து எடுத்தால் இன்னும் சீக்கிரம். கடைசி ஒரு வாரம் புதுச் சொல்லே வேண்டாம்.

அட்டைக்குத் தனியாகக் காசு செலவழிக்க வேண்டாம். தடித்த ஏ4 தாளை எட்டாக வெட்டினால் போதும், ஒரு நாள் சொற்களுக்கு ஒரு தாள். முன்பக்கம் வெறும் சொல்லை எழுதக்கூடாது. ஓட்டை விட்ட வாக்கியம் எழுத வேண்டும். இங்கே தமிழில் ஒலிபெயர்க்கிறேன், அட்டையில் ஆங்கில எழுத்துதான்: 'ஹேஸ் கேன் பி____ எ த்ரெட் டு ஸ்மால் சில்ட்ரன்'. முதல் எழுத்து 'பி' மட்டும் காட்டலாம். பின்பக்கம் 'போஸ்', அதன் கீழே ஜோடிகள்: போஸ் எ த்ரெட், போஸ் எ ப்ராப்ளம், போஸ் எ க்வெஸ்சன். அதற்கும் கீழே பொருள்: (ஆபத்தை, சிக்கலை) ஏற்படுத்து. புகைமூட்டம் பற்றிக் கட்டுரை எழுதும்போது அந்தத் தொடர் முழுசாகக் கைக்கு வரும்.

ஐந்து பெட்டி வையுங்கள், பிஸ்கட் டின் ஆனாலும் சரி. முதல் பெட்டி தினமும், அடுத்தவை 2, 4, 8, 16 நாளுக்கு ஒரு முறை. சரியாகச் சொன்னால் அடுத்த பெட்டி, தவறினால் எந்தப் பெட்டியில் இருந்தாலும் முதல் பெட்டிக்கு. தினம் 8 புதிது என்றால் திரும்பப் பார்ப்பது 40, 50 அட்டைக்குள் நிற்கும். அரை மணி நேரம் போதும்.

சுங்கைப் பட்டாணி அண்ணன்:
டீச்சர் சொன்னதில் பொருள் எழுதும் மொழியைப் பற்றி மட்டும் கொஞ்சம் நீட்டுகிறேன் தங்கச்சி. மலாய் இடைநிலைப்பள்ளியில் படித்த பிள்ளைக்கு மலாயில் எழுதுவதுதான் சுலபமாக வரும். ஆனால் சில இடத்தில் அது காலை வாரும். ஆங்கிலத்தில் 'கிளெய்ம்', 'அட்மிட்' என்று இரண்டு இருக்கிறது. பிள்ளைகள் இரண்டுக்குமே 'மெங்ஙாகு' என்று எழுதிவிடுவார்கள். வாசிப்புத் தாளில் 'கட்டுரையாளரின் நிலை என்ன' என்ற கேள்வி அந்த வித்தியாசத்தில்தான் நிற்கும். தமிழில் 'என்று சொல்லிக்கொள்கிறார்' வேறு, 'ஒப்புக்கொள்கிறார்' வேறு. முதலாவதில் ஆதாரம் இருக்கிறதோ இல்லையோ என்ற சந்தேகம் தொனிக்கும், இரண்டாவதில் மனமில்லாமல் இறங்கி வருகிற தொனி. இப்படிப்பட்ட சொற்களுக்குத் தமிழ். பொருள்களின் பெயர், அறிவியல் சொல் இவற்றுக்கு மலாய். அகராதியில் இருக்கிற தூய தமிழ்ச் சொல்லை அப்படியே இறக்காதீர்கள். அதற்கே இன்னொரு அகராதி வேண்டியிருக்கும்.

மலாயால் லாபமும் உண்டு. ஆங்கிலத்திலிருந்து மலாய்க்குப் போன 'இம்ப்ளிகாசி', 'சிக்னிஃபிகன்', 'கொன்சிஸ்தென்', 'அல்தெர்நாதிஃப்' எல்லாம் தம்பிக்கு ஏற்கெனவே தெரியும். அந்தச் சொற்களுக்கு அட்டையே வேண்டாம், எழுத்துக்கூட்டலை மட்டும் பார்த்தால் போதும். தப்பு வருவதும் அங்கேதான். மலாயில் 'குவாலிதி' 'கே'யில் தொடங்கும், ஆங்கிலத்தில் 'க்யூ'. 'தெக்னோலொகி', 'அனாலிசிஸ்' எல்லாம் இதே கதை. கொள்கைக்கு மலாய்ச் சொல்லான 'பொலிசி'யை மனசில் வைத்துக்கொண்டு ஆங்கிலத்தில் போலீஸ் என்று எழுதிவிட்டால், அரசாங்கக் கொள்கை பற்றிய கட்டுரை காவல் நிலையத்துக்குப் போய்விடும். 'ஆர்திஸ்' மலாயில் நடிகர், பாடகர். ஆங்கில 'ஆர்ட்டிஸ்ட்' பெரும்பாலும் ஓவியர், கலைஞர்.

இன்னொன்று. வாசிப்பில் பிள்ளைகள் கவிழ்வது தெரியாத சொல்லால் மட்டும் இல்லை, தெரிந்த சொல்லின் தெரியாத பொருளாலும்தான். தோட்டத்துச் சொற்களையே பாருங்கள். 'எஸ்டேட்' நமக்குத் தோட்டம். பத்தியில் அது இறந்தவர் விட்டுப்போன சொத்தாகவோ வீடமைப்புப் பகுதியாகவோ இருக்கும். 'டேப்' என்றால் ரப்பர் மரத்தில் பால் வெட்டுவது. 'அன்டேப்ட் பொட்டென்ஷியல்' என்றால் இன்னும் வெட்டாத மரம் மாதிரி, யாரும் பயன்படுத்தாத ஆற்றல். 'யீல்ட்' மகசூல், ஆனால் 'யீல்ட் டு ப்ரெஷர்' என்றால் நெருக்கடிக்குப் பணிவது. 'ஸ்டெம்' தண்டு, 'ஸ்டெம் ஃப்ரம்' ஒன்றிலிருந்து கிளம்புவது. 'கிராஃப்ட்', 'ஜி'யில் தொடங்குவது, ஒட்டுக் கட்டுவது. அரசியல் பத்தியில் வந்தால் லஞ்ச ஊழல். 'பிளாண்ட்' செடியாகவும் இருக்கும், ஆலையாகவும் இருக்கும். இந்த ஆறையும் ஒரே தாளில் எழுதி, முதல் பொருள் இடப்பக்கம், இரண்டாம் பொருள் வலப்பக்கம் போட்டுச் சுவரில் ஒட்டுங்கள். வேர்ப்பொருள் தெரிந்ததால் இரண்டாவது தானாகப் பிடிக்கும்.

இணையத்தில் கேம்பிரிட்ஜ் அகராதியைத் திறந்தால் பொருளுக்குப் பக்கத்தில் ஏ1 முதல் சி2 வரை நிலைக்குறி இருக்கும், ஐரோப்பிய மொழித்திறன் அளவுகோலின்படி ஏ1 தொடக்கம், சி2 உச்சம். சொல்லுக்கு மொத்தமாக ஒரு குறி இல்லை, ஒவ்வொரு பொருளுக்கும் தனிக்குறி. பேண்ட் 4 என்பது பி2 நிலை. அதனால் பி1, பி2 குறி உள்ள பொருள்களை முதலில் முடிக்கட்டும். சி2 குறி கண்டால் தாண்டிப் போகலாம்.

கோல கெட்டில் அக்கா:
ரொம்ப நன்றி டீச்சர், நன்றி அண்ணே. கட்டுரையில் பெரிய சொல் போட்டால்தான் மார்க் வரும் என்று டியூஷனில் சொன்னதாக அவன் அடம்பிடிக்கிறான். அது எப்படி?

படிவம் ஆறு டீச்சர்:
பொருந்தினால் வரும், பொருந்தாவிட்டால் போகும். 'மெனி ப்ராப்ளம்ஸ்' என்ற இடத்தில் 'எ ப்ளெத்தோரா ஆஃப் ப்ராப்ளம்ஸ்' போட்டுவிட்டு அடுத்த வரியிலேயே 'டிஸ்கஸ் அபவுட்' என்று எழுதினால், திருத்துகிறவருக்கு முதல் சொல் மனப்பாடம் என்று தெரிந்துவிடும். 'பற்றிப் பேசு' என்று தமிழில் சொல்வதாலும் மலாயில் 'தெந்தாங்' போடுவதாலும் நம் பிள்ளைகளுக்கு அந்த 'அபவுட்' தானாக வந்து ஒட்டும். 'எம்ஃபசைஸ் ஆன்', 'கோப் அப் வித்' இரண்டும் அதே வீட்டுப் பிள்ளைகள். சரியானது 'டிஸ்கஸ்', 'எம்ஃபசைஸ்', 'கோப் வித்', அவ்வளவுதான். இந்த மூன்றுக்கும் சிவப்பு மையில் அட்டை போடுங்கள்.

வாரம் ஒரு கட்டுரை எழுதும்போது அந்த வாரத்து 48இல் ஐந்தே ஐந்து சொல்லை, அட்டையில் இருக்கிற ஜோடியோடு, உள்ளே வைக்கட்டும். பேச்சுத் தாளுக்கும் அதே ஐந்து. ஒரு நிமிடம் பேசி வாட்ஸ்அப்பில் குரல் பதிவாக அனுப்பச் சொல்லுங்கள். கேட்கும்போது அழுத்தம் எங்கே விழுகிறது என்று கவனியுங்கள். 'அனலைஸ்' என்பதில் முதல் அசையில், 'அனாலிசிஸ்' என்பதில் இரண்டாவதில். தமிழ் வாய்க்கு எல்லா அசையும் ஒரே எடைதான். காதுக்குப் பழகாவிட்டால் கேட்டல் தாளிலும் தெரிந்த சொல்லே நழுவும்.

இரவு ஷிஃப்ட்:
லைன் பற்றி யாரும் சொல்லவில்லை. ஆண்ட்ராய்டு கைப்பேசியில் 'அன்கிட்ராய்டு' என்ற அட்டை ஆப் இலவசம், ஒரு முறை இறக்கிவிட்டால் லைன் இல்லாமலே ஓடும். பட்டணத்துக்கு வரும்போது வைஃபையில் சேமித்துக்கொண்டால் சரி. ஐஃபோன் என்றால் காசு கட்ட வேண்டும். உள்ளே நுழைந்ததும் ஒரு வேலை: அது வைத்திருக்கிற ஒரு நாள் புதுச்சொல் அளவு 20, அதை 8 ஆக்குங்கள். பள்ளித் தேர்வு, திருவிழா என்று ஒரு வாரம் விட்டுவிட்டால் 300 அட்டை குவிந்திருக்கும். பயந்து எல்லாவற்றையும் அழித்துவிட்டு முதலிலிருந்து தொடங்குவார்கள். வேண்டாம். புதுச்சொல்லைச் சுழியம் ஆக்கிவிட்டு, தினம் 60 வீதம் பழையதை முடித்துவிட்டுத் திரும்ப 8 போடலாம். மற்றவர் செய்து வைத்த ஆயிரம் சொல் தொகுப்பை இறக்காதீர்கள், வாக்கியம் எழுதுகிற வேலையிலேயே பாதிப் படிப்பு முடிகிறது.

எஸ்ஏடி பார்க்கிறவர்:
எஸ்ஏடி பக்கம் நான் சொல்கிறேன். அமெரிக்காவுக்கு வெளியே 2023 முதல் கணினியில்தான். வாசிப்பும் எழுத்தும் சேர்ந்த பகுதியில் 54 கேள்வி, 64 நிமிடம், 27 கேள்வி வீதம் இரண்டு கட்டம். முதல் கட்டத்தில் எப்படிச் செய்கிறோம் என்பதைப் பொறுத்து இரண்டாவது கடினமாகவோ எளிதாகவோ வரும். ஒவ்வொரு கட்டமும் சொற்கேள்வியில்தான் தொடங்கும்: சின்னப் பத்தி, ஒரு கோடு, நான்கு விடை.

விடைகளைக் கையால் மறைத்துவிட்டு, கோட்டில் என்ன வர வேண்டும் என்று முதலில் சொந்தச் சொல்லில் வைக்கட்டும், தமிழில் ஆனாலும் சரி. 'முதலில் பலர் அந்த முடிவைச் சந்தேகித்தார்கள். ஆனால் பின்னர் வந்த சோதனைகள் அதை ____.' மனசில் வருவது 'உறுதிப்படுத்தின'. இப்போது கையை எடுத்தால் நான்கில் 'கொரோபரேட்' கண்ணில் படும். விடைகளை முதலில் படித்தால் நான்குமே பொருந்துவதுபோல் தோன்றும், அப்படித்தான் அமைத்திருப்பார்கள். 'ஆனால்', 'இருந்தாலும்', அரைப்புள்ளி, முக்காற்புள்ளி இவைதான் துப்பு. தவறான விடைக்கு மார்க் குறைப்பு இல்லை, அதனால் எதையும் காலியாக விடக்கூடாது.

மாதிரித் தேர்வு 'புளூபுக்' ஆப்பில் முழுசாக, இலவசமாக இருக்கிறது. அங்கே தப்பாகப் போன கேள்வியிலிருந்து அட்டை எழுதும்போது சரியான விடையை மட்டும் எழுதாமல், மற்ற மூன்று சொல்லும் ஏன் பொருந்தவில்லை என்று ஒரு வரி எழுதட்டும். ஒரு கேள்வியில் நான்கு சொல் கிடைக்கும்.

கோல கெட்டில் அக்கா:
கடைசியாக ஒன்று. ஏற்கெனவே உருப்போட்ட 'ஏ', 'பி' சொற்களை என்ன செய்வது?

படிவம் ஆறு டீச்சர்:
அகாடமிக் பட்டியலோடு ஒப்பிட்டு இரண்டிலும் இருப்பதை மட்டும் அட்டையாக்கி, இரண்டாம் பெட்டியில் போடுங்கள். மற்றதை விட்டுவிடலாம். முதல் உட்பட்டியலில் 'ஏ'யில் இருப்பதே ஏழு சொல்தான்: அனலைஸ், அப்ரோச், ஏரியா, அசெஸ், அசூம், அதோரிட்டி, அவேலபிள். 'ஏரியா'வையும் 'அவேலபிள்' என்பதையும் அவனே அடித்துவிடுவான், மீதி ஐந்து. 'அசெஸ்' எழுதும்போது 'எஸ்' எழுத்து நான்கு முறை வருகிறதா என்று மட்டும் பாருங்கள்.