ஜான் பேட்டன் டேவிஸை வேலையை விட்டு எடுத்தது எதற்காக?

பழையதாள்:
ஜான் பேட்டன் டேவிஸ் என்ற அமெரிக்கத் தூதரக அதிகாரியைப் பற்றி ஒரு சந்தேகம். 1954 நவம்பரில் வெளியுறவு அமைச்சர் டல்லஸ் இவரைப் பணிநீக்கம் செய்தார். தேசத்துரோகி இல்லை என்றும் சொல்லிவிட்டார்களாமே! பிறகு எதற்கு வேலையைப் பறித்தார்கள்?

கலங்கரை:
கணிப்பு பலித்ததுதான் வம்பு. டேவிஸ் 1908இல் சீனாவின் சிச்சுவானில் மிஷனரி வீட்டுப் பிள்ளையாகப் பிறந்தவர். இரண்டாம் உலகப் போர்க்காலத்தில், சீனாவில் இருந்த அமெரிக்க ஜெனரல் ஸ்டில்வெல்லுக்கு அரசியல் ஆலோசகர். அப்போது சீனாவை ஆண்ட சியாங் கை ஷேக்கின் ஆட்சி உளுத்துப்போய்விட்டது, கம்யூனிஸ்டுகள்தான் நிலைக்கப் போகிறார்கள், இப்போதே பேச்சு வைத்துக்கொண்டால் அவர்கள் முழுசாக மாஸ்கோ பக்கம் சாயாமல் தடுக்கலாம் என்று 1944இலேயே எழுதி அனுப்பினார்.

சீனாவில் அமெரிக்கத் தூதராக இருந்த ஹர்லிக்கு இது ஆகவில்லை. 1945இல் பதவி விலகியபோது, சீனாவைத் தெரிந்த அதிகாரிகளே காலை வாரினார்கள் என்று பழியைப் போட்டுவிட்டுப் போனார். 1949இல் மாவோ ஜெயித்ததும் ‘சீனாவைத் தொலைத்தது யார்’ என்று கூச்சல். அரசுக்குள் கம்யூனிஸ்டுகளைத் தேடிப் பழிசுமத்திய செனட்டர் மக்கார்த்திக்கு ஆள் வேண்டியிருந்தது. நோயைச் சொன்ன வைத்தியர் மேலேயே பழி!

ஒன்பது விசாரணை நடத்தினார்கள். துரோகம் எதுவும் அகப்படவில்லை. கடைசியில், முடிவெடுக்கும் திறனும் நம்பகத்தன்மையும் போதாது என்று எழுதினார்கள். ராஜினாமா செய்யச் சொன்னபோது மனுஷன் மறுத்துவிட்டார். எனக்கு அவரிடம் ரொம்பப் பிடித்தது அதுதான்.

மலைக்காற்று:
நம்பகத்தன்மை போதாதாம்! 1943 ஆகஸ்டில் அசாமிலிருந்து சீனாவுக்கு டேவிஸ் பறந்த விமானத்தில் எஞ்சின் கோளாறு. அவரும் கூட வந்தவர்களும் பாராசூட்டில் நாகர் மலையில் குதித்தார்கள். தலை வெட்டும் வழக்கம் அப்போதும் இருந்த பகுதி அது. அங்கே டேவிஸ் நடந்துகொண்ட விதத்துக்காக 1948இல் சுதந்திரப் பதக்கம் கொடுத்ததும் இதே அரசுதான். கூடக் குதித்த வானொலிச் செய்தியாளர் எரிக் செவரெய்டு, பணிநீக்கத்துக்குப் பிறகு டேவிஸுக்காக ஒலிபரப்பில் பேசினார்.

பழையதாள்:
இரண்டு பேருக்கும் நன்றி. வேலை போனபின் என்ன செய்தார்?

கலங்கரை:
கடைசியாகப் பணியில் இருந்த பெரு நாட்டின் லிமாவிலேயே தங்கி, மரச்சாமான் பட்டறை வைத்தார். அதன் வடிவமைப்புக்குப் பரிசும் வாங்கினார். 1999இல் காலமானார். இதே பழியில் மாட்டி வேலை இழந்த இன்னொரு தூதரக அதிகாரி ஜான் சர்வீஸ் நீதிமன்றம் போனார். வெளியுறவுத் துறை தன் விதிகளையே மீறிவிட்டது என்று 1957இல் உச்ச நீதிமன்றம் ஒருமனதாகச் சொல்ல, வேலை திரும்பக் கிடைத்தது. ஆனால் முன்போல முக்கியமான பொறுப்பு எதுவும் தரவில்லை. 1962இல் ஓய்வு பெற்றுவிட்டார்.