மணி கேட்கும் தூரத்தில் இருந்த கோவில்

பழைய இலத்தீன் பூசையை மட்டுமே ஏற்கும் கடும் மரபுவழிக் கத்தோலிக்கக் குடும்பத்தில் வளர்ந்து, பிறகு சொந்த ஊர்ப் பங்குக் கோவிலுக்குத் திரும்பியவர்கள் யாராவது இருக்கிறீர்களா என்று இங்கே ஒருவர் கேட்டிருந்தார். நான் இருக்கிறேன். எந்தச் சிற்றாலயம் என்று எழுதமாட்டேன். என் உறவினர்கள் இன்னும் அங்கேதான் பூசை காண்கிறார்கள்.

தூத்துக்குடி மாவட்டத்தில் ஒரு கடற்கரை ஊர். எங்கள் வீட்டிலிருந்து பங்குக் கோவிலுக்கு மூன்று நிமிட நடை. ஞாயிறு காலை ஐந்தரைக்கு அதன் முதல் மணி அடிக்கும்போது நாங்கள் ஆறு பேரும் பஸ் நிறுத்தத்தில் நிற்போம். நள்ளிரவிலிருந்து தண்ணீர் தவிர எதுவும் வயிற்றில் இருக்காது. இரண்டு பஸ் மாறி இலத்தீன் பூசைக்குப் போகவேண்டும். மணி கேட்டு ஊரே கோவிலுக்கு வந்துகொண்டிருக்கும். யாராவது "சர்வேசுரனுக்குத் தோத்திரம்" என்றால் அம்மா மட்டும் தலையசைப்பார். அப்பா பஸ் வரும் திசையையே பார்த்துக்கொண்டு நிற்பார்.

அப்பா விலகியதற்கு ஒரு காரணம் உண்டு. அதைச் சொல்லாமல் அவரைப் பற்றி எழுதினால் அநியாயம். நான் கைக்குழந்தையாக இருந்தபோது கோவிலைப் புதுப்பித்தார்கள்; பீடத்துக்கு முன்னால், முழந்தாளிட்டு நன்மை வாங்குவதற்காக இருந்த தேக்குமரக் கிராதியைப் பெயர்த்துவிட்டார்கள். அது தாத்தா ஒரு தோணியை விற்றுச் செய்துகொடுத்தது. எங்கள் வீட்டில் யாரிடமும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அதன் கால்கள் அடுப்பங்கரைக்குப் பின்னால் விறகோடு கிடந்ததை அப்பா பார்த்தார். அவர் இறையியல் படித்து விலகியவர் அல்லர், அந்த விறகைப் பார்த்து விலகியவர். மற்ற காரணங்கள் பிறகு வந்து ஒட்டிக்கொண்டன: 1960களில் உலக ஆயர்கள் கூடிய இரண்டாம் வத்திக்கான் சங்கம், அதையொட்டி வந்த 1969இன் புதிய திருப்பலி நூல், அதை ஏற்க மறுத்த பேராயர் லெபெவர் 1988இல் உரோமையின் அனுமதியின்றி நான்கு ஆயர்களை அபிஷேகம் செய்தது. எங்கள் வீட்டுத் திண்ணையில் இவை எல்லாம் ஒரே கதையாகிவிட்டன. உண்மையான விசுவாசம் எங்களைப் போன்ற சிலரிடம் மட்டும் எஞ்சியிருக்கிறது என்பதுதான் அந்தக் கதை.

அங்கே எனக்குக் கிடைத்ததைக் குறைத்துச் சொல்ல மனம் வரவில்லை. குரு அப்பத்தை உயர்த்தும் எழுந்தேற்றத்தின்போது விழும் அந்த மௌனம், முழந்தாளிட்டு நாவில் நன்மை (நற்கருணை) வாங்கும் பக்தி, சிறுபிள்ளையின் பாவசங்கீர்த்தனத்தையும் (பாவ அறிக்கை) அவசரப்படாமல் கேட்ட வயதான சாமியார். இவை என் உடம்பில் ஊறியவை. ஆனால் பயமும் கூடவே வளர்ந்தது. சனிக்கிழமைதோறும் பாவங்களை நோட்டில் எழுதுவேன். சங்கீர்த்தனம் முடிந்து வெளியே வந்ததும் ஒன்றை விட்டுவிட்டேனோ என்று மறுபடி போய் வரிசையில் நிற்பேன். அடுத்த வீட்டுத் தோழி முதல்முறை நன்மை வாங்கிய புதுநன்மைக்கு எங்களை அனுப்பவில்லை. "அவள் வாங்கியது நன்மை இல்லையா?" என்று கேட்டேன். "அங்கே நடப்பது கூட்டம், பூசை அல்ல" என்றார் அப்பா. எட்டு வயதில் என் தோழிக்காக அழுதேன். அவள் நரகத்துக்குப் போய்விடுவாள் என்று நம்பி அழுதேன்.

அப்பாவைப் பெற்ற ஆச்சி எங்களோடு ஒருநாளும் பஸ் ஏறியதில்லை. "மணி கேட்கிற கோவிலை விட்டு எங்கே போவது?" என்பார். 2014இல் ஆச்சி இறந்தார். அதற்கு முன்பு பங்குச் சாமியார் வீட்டுக்கு வந்து, சாகக்கிடப்பவர்களுக்கான அவஸ்தைப்பூசுதல் கொடுத்தபோது அப்பா கொல்லைப்புறத்தில் நின்றார். அடக்கப் பூசையின்போது நாங்கள் கோவிலுக்கு வெளியே பூவரச மரத்தடியில் நின்றோம். பெற்ற தாயின் பெட்டி உள்ளே இருக்கிறது, மகன் வெளியே நிற்கிறார். பூசைக்கு முன்னால் ஆச்சியின் வயதுப் பெண்கள் செபமாலை தொடங்கினார்கள். "பிரியதத்தத்தினாலே பூரண மரியாயே வாழ்க" என்று அவர்கள் சொன்னது என் காதில் விழுந்தது.

பங்கில் இந்தச் சொற்களை எல்லாம் தூக்கி எறிந்துவிட்டார்கள் என்றுதான் எனக்குச் சொல்லப்பட்டிருந்தது. "அருள் நிறைந்த மரியே" என்பதுதான் புதிய செபம், உண்மைதான். ஆனால் அந்தப் பெண்களிடம் பழைய சொற்களை யாரும் பறிக்கவில்லை. எதைக் காப்பாற்றுவதற்காக நாங்கள் இத்தனை வருடம் பஸ் ஏறினோமோ, அது இங்கே பாயில் உட்கார்ந்து செபமாலை உருட்டிக்கொண்டிருந்தது. முக்காட்டைச் சரிசெய்துகொண்டு உள்ளே போனேன். அப்பா தடுக்கவில்லை.

அன்றோடு முடிந்துவிடவில்லை, இன்னும் இரண்டு வருடம் ஆயிற்று. அந்த இரண்டு வருடமும் படித்தேன். 1963 டிசம்பர் 4இல் சங்கத்தில் வந்த திருவழிபாட்டு ஏட்டை 2,147 பேர் ஆதரித்தார்கள், 4 பேர் மட்டுமே எதிர்த்தார்கள். கையெழுத்திட்டவர்களில் லெபெவரும் ஒருவர். இலத்தீனைக் காக்கவேண்டும் என்றும் அதே ஏடு சொல்கிறது. இன்னொரு கணக்கும் என்னை உலுக்கியது. எங்கள் வீட்டில் என்றும் மாறாதது என்று போற்றிய திருப்பலி நூலை ஐந்தாம் பத்திநாதர் வெளியிட்டது 1570இல். அதற்கு முன்பே, 1540களில், எங்கள் கடற்கரையில் சவேரியார் மணியடித்துப் பிள்ளைகளைக் கூட்டித் தமிழில் செபம் சொல்லிக்கொடுத்தார். இயேசு சபைக் குரு அண்டிரிக் அடிகளாரின் தமிழ் மறைநூலான 'தம்பிரான் வணக்கம்' 1578இல் கொல்லத்தில் அச்சானது. பூசை இலத்தீனில்தான் நடந்தது, மறுக்கவில்லை. ஆனால் தாய்மொழியில் செபிப்பது நேற்று வந்த கோளாறு என்று முத்துக்குளித்துறை என்ற இந்தக் கடற்கரையில் பிறந்த ஒருத்தியிடம் சொல்லக்கூடாது.

2015இல் திருத்தந்தை பிரான்சிஸ், லெபெவர் வழிவந்த குருக்களிடம் செய்யும் பாவசங்கீர்த்தனம் இரக்கத்தின் ஆண்டில் செல்லுபடியாகும் என்று அறிவித்தார். "பார்த்தாயா, பாப்பானவரே ஒத்துக்கொண்டார்" என்றார் அப்பா. "அவர் சொன்னால்தான் செல்லும் என்றால் அவருடைய அதிகாரம் நமக்கு வேண்டியிருக்கிறது அல்லவா, அப்பா?" என்று கேட்டேன். அவர் பதில் சொல்லாமல் வலை பின்னப் போய்விட்டார்.

மறுவருடம் பங்குச் சாமியாரிடம் போனேன். "கடைசிச் சங்கீர்த்தனம் எப்போது?" என்று கேட்டார். "போன சனிக்கிழமை" என்றேன். வழிதவறிப் பல வருடம் கழித்து வந்தவள் என்று நினைத்திருப்பார் போலும், சற்று நேரம் பேசவில்லை. ஆச்சியின் விசுவாசத்தை மட்டமாக நினைத்தேன் என்பதைத்தான் முதலில் சொன்னேன். ஆச்சியின் கல்லறையில் 53 மணிச் செபம் சொல்லச் சொன்னார். அன்று நோட்டு கொண்டுபோகவில்லை. மறுபடி வரிசையில் நிற்கவும் இல்லை.

பங்கில் எனக்குக் கோபம் வராமலும் இல்லை. நன்மை வாங்கிய கையோடு வாசலுக்கு ஓடுகிறவர்கள், காதைப் பிளக்கும் ஒலிபெருக்கி, பூசை நேரத்தில் அடிக்கும் செல்பேசி. அப்பாவின் வருத்தத்தில் பாதி நியாயம் என்று இன்றும் சொல்வேன். நான் இன்னும் முழந்தாளிட்டு நாவில்தான் நன்மை வாங்குகிறேன். யாரும் ஒன்றும் சொன்னதில்லை.

*

பாரிஸிலிருந்து ஓர் உறுப்பினர்:

சகோதரி, உங்கள் அப்பாவின் கிராதியைப் படித்துவிட்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். நாங்கள் புதுச்சேரிக் குடும்பம், நான் பிறந்தது இங்கே. இங்கே மரபுவாதிகள் 1977இல் ஒரு பங்குக் கோவிலையே தங்கள் வசமாக்கிக்கொண்டார்கள். இன்றுவரை அது அவர்களிடம்தான். எங்கள் வீட்டில் அதை வெற்றிக் கதையாகச் சொல்வார்கள். நான் 2009இல் வெளியே வந்து, மறைமாவட்டக் கோவில் ஒன்றில் பழைய முறைப் பூசைக்கே போனேன். திருத்தந்தை பெனடிக்ட் 2007இல் அதற்கு வாசலை அகலத் திறந்திருந்தார். 2021 ஜூலையில் பிரான்சிஸ் அதை ஒடுக்கியபோது உண்மையாகவே வலித்தது. "இதற்காகவா போனாய்?" என்று அண்ணன் கேட்டார். ஆமாம், வலித்தாலும் வீட்டுக்குள் இருந்தே வலிக்கட்டும் என்றேன்.

பெந்தகோஸ்தே என்ற தூய ஆவி திருநாள் வார இறுதியில் இங்கே பாரிஸிலிருந்து சார்த்ருக்கு மூன்று நாள் திருநடைப்பயணம் உண்டு, ஏறக்குறைய 100 கிலோமீட்டர். 1988இன் பிளவுக்குப் பிறகு லெபெவர் பக்கத்தவர் அதே நாள்களில் சார்த்ரிலிருந்து பாரிஸுக்கு நடக்கிறார்கள். அண்ணன் அங்கிருந்து நடக்கிறார், நான் இங்கிருந்து. இரவில் தொலைபேசியில் பேசும்போது இருவரும் கால் கொப்புளங்களைப் பற்றி மட்டும் பேசிக்கொள்வோம்.

*

நாகர்கோவிலிலிருந்து ஓர் உறுப்பினர்:

அக்கா, நான் இப்போதுதான் வெளியே வந்திருக்கிறேன். இன்னும் முக்காடு போடுகிறீர்களா? எங்கள் பங்கில் என் வயதில் யாரும் போடுவதில்லை, எல்லாரும் திரும்பிப் பார்க்கிறார்கள். உங்கள் திருமணத்துக்கு அப்பா வந்தாரா?

*

முதலில் எழுதியவர்:

போடுகிறேன், தங்கச்சி. எங்கள் கடற்கரையில் வயதான பெண்கள் சேலைத் தலைப்பை இழுத்துப் போட்டுக்கொள்வதால் நான் தனியாகத் தெரிவதில்லை. உனக்கு மனம் சொல்வதைச் செய். பார்க்கிறவர்கள் நாலு வாரத்தில் பழகிவிடுவார்கள்.

திருமணம் 2018இல் பங்குக் கோவிலில் நடந்தது. அம்மா உள்ளே வந்தார். அப்பா பூவரச மரத்தடி வரை வந்தார். திருமண அறிவிப்பான ஓலை வாசிப்புக்குப் பெயர் கொடுத்த நாளிலிருந்து என்னோடு பேசாமல் இருந்தவர், மரத்தடியிலேயே என் தலையில் சிலுவை போட்டு அனுப்பினார்.

இப்போது நான் வேறு ஊரில் இருக்கிறேன். போன பனிமய மாதா திருவிழாவுக்குத் தூத்துக்குடிக்கு வருவதாகச் சொல்ல வீட்டுக்குத் தொலைபேசியில் பேசினேன். அம்மா கொடுக்காமலே அப்பா வாங்கிப் பேசினார். மழை, மீன்பாடு, பேத்தியின் பல் என்று ஏதேதோ கேட்டார். கடைசியில், "பேராலயத்தில் பூசை எத்தனை மணிக்கு?" என்று கேட்டார்.