மேற்பார்வையாளர்களுடன் ஆண்டு மதிப்பீட்டுச் சந்திப்பு: ஆலோசனை தேவை

அனைவருக்கும் வணக்கம். திருப்பூரில் ஒரு பின்னலாடை நிறுவனத்தின் தையல் பிரிவுக்குப் பொறுப்பாக இருக்கிறேன். மார்ச் 31-உடன் நிதியாண்டு முடிவதால், லைன் மேற்பார்வையாளர்களுடனான மதிப்பீட்டுச் சந்திப்புகளுக்கு இப்போதே தயாராக வேண்டியுள்ளது. எங்கள் படிவம் உற்பத்தி எண்ணிக்கையையும், ஆல்டருக்கு, அதாவது பிழை திருத்தித் தைக்க, திரும்பிய துணிகளையும், விடுப்பையும் மட்டுமே கேட்கிறது. புதிதாகச் சேர்ந்த பெண்ணுக்கு ஓவர்லாக் இயந்திரத்தில் நூல் கோக்கப் பொறுமையாகக் கற்றுக்கொடுத்தவரின் உழைப்பைக் குறிக்க அதில் கட்டமே இல்லை. சம்பள உயர்வும் அதே அமர்வில் அறிவிக்கப்படுவதால், தொகையைக் கேட்டபின் வேறெதுவும் யார் காதிலும் ஏறுவதில்லை. இரண்டையும் பிரிப்பதே சரியென்பது என் எண்ணம். நிர்வாகம் வழக்கம்போல் யோசிக்கிறது. அவ்வாறு பிரித்து நடத்தியவர்கள், இடையில் எவ்வளவு காலம் விட்டீர்கள் என்பதையும், குறையைச் சொல்லும்போதும் எதிரிலிருப்பவர் மனம் தளராதிருக்க எந்தக் கேள்வியோடு பேச்சைத் தொடங்கினீர்கள் என்பதையும் தெரிவித்தால் உதவியாக இருக்கும். தமிழில் மாதிரிப் படிவம் இருந்தால் பகிருமாறு கேட்டுக்கொள்கிறேன்.