புதுப்பிப்பு: வரப்பில் நின்று கையாலேயே ட்ரோன் ஏற்றி இறக்குவது

போன மாதம் புளியரை வயலில் ட்ரோனை இறக்க இடமில்லாமல் கையில் பிடிக்கப் போய் விரலைக் கீறிக்கொண்ட கதையை எழுதியிருந்தேன், ஞாபகம் இருக்கும். காயம் ஆறிவிட்டது. அதற்கப்புறம் பத்து தடவையாவது கையிலேயே ஏற்றி இறக்கிவிட்டேன்.

அன்று செய்த தப்பு இப்போது புரிகிறது. உள்ளங்கையை அடியில் கொண்டுபோனதும் கீழ்ப்பக்க சென்சார் அதைத் தரை என்று நினைத்து இறங்காமல் அந்தரத்திலேயே நிற்கும், நான் பொறுமையில்லாமல் எட்டிப் பிடித்துச் சாய்த்துவிட்டேன். சாய்ந்தால் காற்று தள்ளுகிறது என்று நினைத்து மோட்டார் இன்னும் வேகமெடுக்கும், விரல் மாட்டுவது அப்போதுதான். இப்போது கையை அசைக்காமல் விரித்து வைத்து, ரிமோட்டில் ஏற்றி இறக்கும் குச்சியை (த்ராட்டில்) கீழே அழுத்தியபடியே இருக்கிறேன். தானாக வந்து உட்காரும். இறக்கை முழுதாக நிற்கும்வரை மூடிப் பிடிப்பதில்லை.

ஏற்றும்போது ஜிபிஎஸ் கிடைத்து ஹோம் பாயிண்ட் (ட்ரோன் தானாகத் திரும்பி வரவேண்டிய இடம்) பதிவாகும்வரை காத்திருக்க வேண்டும். கேமரா வெளியே பார்க்க, கையை நீட்டி முகத்துக்குத் தள்ளிப் பிடிக்கணும். மச்சான் பிடிக்கிறேன் என்றான், "கைச்செயினைக் கழற்று மாப்ள" என்றேன், முறைத்தான்.

ஆரியங்காவு கணவாய்க் காற்று சீறும் நாளிலும் சாரலிலும் பெட்டியைத் திறப்பதே இல்லை.